வழுக்கைத் தலையில் ஒரு நாற்று என்ன விலை?

கடந்த மாதம் இலண்டனிலிருந்து தங்கையின் மகன் தொலைபேசியில் பேசினான். நலம் விசாரித்து முடிந்ததும், "மாமா, துருக்கிக்குப் போய்த் தலைக்கு முடி நட்டுக்கொண்டு வரப்போறன். இஞ்ச கேக்கிற காசில மூண்டிலொரு பங்குதான் முடியும். ஹோட்டல், வாகனம் எல்லாம் அதுக்குள்ளதான்" என்றான். அவனுக்கு வயது 28. எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு முப்பதை நெருங்கும்போதே நெற்றி உயரத் தொடங்கிவிடும். எனவே அவனுடைய கவலை எனக்கு விளங்கியது. ஆனால், ஒரே சிகிச்சைக்கு ஓர் ஊரில் ஒரு விலையும் இன்னோர் ஊரில் அதில் மூன்றிலொரு பங்கும் எப்படி அமைகின்றன என்று அவன் கேட்கவில்லை. அவன் கேளாத கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. விடை தேடிப் போனபோது அது 1939ஆம் ஆண்டு யப்பானில் கொண்டுபோய் நிறுத்தியது.

அவ்வாண்டு ஷோஜி ஒகுடா என்ற தோல்நோய் வைத்தியர் யப்பானிய மருத்துவ ஏடொன்றில் தமது முறையை விரிவாக எழுதினார். 2 முதல் 4 மில்லிமீற்றர் வரை விட்டமுள்ள சிறிய வட்டத் துளைக்கருவியால் மயிருள்ள தோலைத் துண்டு துண்டாக எடுத்து, மயிரற்ற இடத்தில் அதற்கேற்ற துளையிட்டுப் பதிப்பதே அம்முறை. பதித்த தோல் பிடித்துக்கொண்டது, மயிரும் வளர்ந்தது. இதில் கவனிக்க வேண்டியது அவரிடம் வந்தவர்கள் யார் என்பது. அவர்கள் அழகு தேடி வந்தவர்கள் அல்லர். தீக்காயத்தாலும் நோயாலும் தழும்பேறித் தலைமயிரையும் புருவத்தையும் இழந்தவர்கள். 1943 இல் ஹஜிமே தமுரா என்ற இன்னொரு யப்பானிய வைத்தியர், பெண்களுக்குச் செய்த சிகிச்சைகளிலிருந்து, துண்டு எவ்வளவு சிறிதாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நட்ட மயிர் இயற்கையாகத் தோன்றும் என்று கண்டு, ஒற்றை மயிராகவே பிரித்து நட்டார்.

இதற்கிடையில், 1941 இறுதியில் பசுபிக் போர் மூண்டுவிட்டது. யப்பானிய மொழியில் இருந்த இந்தக் கட்டுரைகளை மேற்குலகில் படிப்பார் இல்லை. தமுரா செய்து முடித்திருந்த வேலையை மேற்கு மறுபடியும் கண்டுபிடிக்க அரை நூற்றாண்டு ஆனது. போர் எரித்த நூல்களைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். எரியாமல், வாசகரின்றி அலுமாரியில் கிடந்தே அழிந்த அறிவும் உண்டு.

1952 இல் நியூயோர்க்கில் நோர்மன் ஒரென்ட்ரைக் என்ற தோல்நோய் வைத்தியர் ஒகுடாவை அறியாமலே அதே முறைக்கு வந்தார். வேறொரு நோக்கத்துடன் செய்த ஒரு சோதனை அது. பிடரித் தோலை எடுத்து வழுக்கையான இடத்தில் நட்டபோது மயிர் உதிரவில்லை. இதற்கு ஒரு பின்னணி உண்டு. ஆண் ஹோர்மோன் இல்லாதவர்களுக்கு இவ்வகை வழுக்கை விழுவதில்லை என்று அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஹமில்டன் 1942 இலேயே காட்டியிருந்தார். உச்சந்தலையின் மயிர்க்கால்கள் அந்த ஹோர்மோனுக்குப் பணிந்து மெலிகின்றன. பிடரியின் மயிர்க்கால்கள் பணிவதில்லை. ஒரென்ட்ரைக் கண்டது இதன் அடுத்த படி: பிடரி மயிர் எங்கே குடியேறினாலும் தன் பழைய குணத்தை விடுவதில்லை. புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். அவருடைய கட்டுரை 1959 இல்தான் அச்சேறியது.

அத்துடன் நோயாளியும் மாறினார். தழும்பேறியவரின் இடத்தில், உடல்நலத்தில் குறையேதுமில்லாத, கையில் காசுள்ள ஒருவர் வந்து அமர்ந்தார். விலை என்ற பேச்சு உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது.

அடுத்த முப்பது ஆண்டுகளும் 4 மில்லிமீற்றர் துண்டுகளின் காலம். ஒரு துண்டில் பத்துப் பதினைந்து மயிர் ஒன்றாக நிற்கும். சுற்றிலும் வெறும் தோல். பொம்மையின் தலையில் தைத்த மயிர் போல் இருக்கிறது என்று ஊரார் சிரித்தார்கள். ஒப்பீட்டளவில் அது மலிவு: சில நூறு துண்டுகள், ஒரு வைத்தியர், ஓர் உதவியாளர். ஆனால், அந்தத் தலைகளைத் திருத்துவதற்கு அவர்களிற் பலர் பின்னர் மீண்டும் பணம் கட்டி மேசையில் படுக்க வேண்டியிருந்தது.

1980களின் இறுதியில் டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்ரோனியோவில் பொபி லிம்மர் என்ற வைத்தியர் பிடரியிலிருந்து ஒரு நீளக் கீற்றாகத் தோலை வெட்டியெடுத்து, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, மயிர் இயற்கையில் எப்படிக் கூட்டமாக நிற்கிறதோ அப்படியே பிரித்தார். ஒன்று முதல் நான்கு மயிர் வரை கொண்ட இந்தச் சிறு கூட்டத்தைத்தான் இன்று 'கிராஃப்ற்' என்கிறார்கள். வயல் கண்ட நமக்கு 'நாற்று' என்ற சொல்லே போதும். 2002 இல், கீற்று வெட்டாமல் ஒவ்வொரு நாற்றையும் ஒரு மில்லிமீற்றர் அளவிலான கருவியால் தனித்தனியே பிடுங்கும் முறையை அமெரிக்க வைத்தியர்களான றஸ்மனும் பேர்ன்ஸ்ரைனும் எழுதி வெளியிட்டனர். பிடரியில் நீண்ட தழும்பு விழுவதில்லை என்பதால் உலகெங்கும் இன்று அதுவே பெரும்பாலும் கையாளப்படுகிறது.

விலையின் இரகசியம் இந்த வரலாற்றிலேயே இருக்கிறது. நாற்று சிறுக்கச் சிறுக்கக் கைவேலை பெருகியது. 2,000 நாற்று என்றால் 2,000 தடவை பிடுங்கி, 2,000 துளையிட்டு, 2,000 தடவை நட வேண்டும். விறைப்பூசி போட்ட தலையுடன் ஒருவர் ஆறு முதல் எட்டு மணி நேரம் கிடக்க, மூவரோ நால்வரோ அவரைச் சுற்றி நின்று வேலை செய்வார்கள். மருந்தும் கருவியும் இதில் சிறு பங்கு. இயந்திரமனிதக் கருவியொன்றுக்கு 2011 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்குப் பிறகும் கைகளின் தேவை ஒழியவில்லை. ஆகவே இச்சிகிச்சையின் விலை, அடிப்படையில் கூலியின் விலையே. கூலி குறைந்த ஊரில் அது குறையும்.

இஸ்தான்புல் எழுந்தது இப்படித்தான். நாணயமும் கைகொடுத்தது. 2018 தொடக்கத்தில் ஒரு டொலருக்கு 4 லீரா கூட இல்லை; 2021 முடிவில் 13 லீராவைத் தாண்டியது. டொலரும் பவுணும் கொண்டு வருபவருக்கு அந்நகரம் ஆண்டுக்காண்டு மலிந்தது. கறுப்புப் பட்டி கட்டிய, சிவந்து புள்ளி விழுந்த தலைகள் அந்நகர விமான நிலையத்தில் இன்று எவரையும் திரும்பிப் பார்க்க வைப்பதில்லை.

ஆனால், கூலி குறைவு மட்டும் முழு விடையாகாது. விலையை மேலும் குறைக்க ஒரே வழி, மேசையருகிலிருந்து வைத்தியரை அகற்றுவது. ஒரே நாளில் பலருக்கு நடும் இடங்களில் துளையிடுவதும் பிடுங்குவதும் மருத்துவம் படியாத உதவியாளர்களின் வேலையாகின்றன. இவ்வகைச் சத்திரசிகிச்சை நிபுணர்களுக்கென 1993 இல் அமைந்த சர்வதேசச் சங்கம் இதைப் பலமுறை எச்சரித்துள்ளது. இது துருக்கியின் பிரச்சினை மட்டுமல்ல. 2016 மே மாதம் சென்னையில், மருத்துவக் கல்லூரி இறுதியாண்டு மாணவர் ஒருவர், வயது 22, முடி நடச் சென்ற இடத்தில் உடல்நிலை மோசமாகி இரண்டு நாளில் உயிரிழந்தார். அந்த நிலையத்திடம் இருந்தது அழகு நிலையத்துக்கான அனுமதி மட்டுமே என்று பின்னர் தெரியவந்தது. மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவரே ஏமாந்தார் என்றால் மற்றவர்களை என்ன சொல்வது? 2022 இல் இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட வழிகாட்டலில், யூரியூப் பார்த்துக் கற்றுக்கொள்வது பயிற்சியாகாது என்று எழுத வேண்டிய நிலை வந்தது.

இச்செலவை யார் ஏற்பது என்பதிலும் ஒரு சுவையான வழக்குண்டு. 1981 இல் அமெரிக்க வரி நீதிமன்றம், முடி நடுகை ஒரு மருத்துவச் செலவே, அதை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. பத்து ஆண்டுகள்கூட அது நிலைக்கவில்லை. 1990 இல் சட்டம் திருத்தப்பட்டது: அழகுக்கான சிகிச்சைக்குக் கழிவு இல்லை; பிறவிக் குறை, விபத்துக் காயம், உருவைக் குலைக்கும் நோய் ஆகியவற்றுக்கு மட்டும் உண்டு. ஒகுடா 1939 இல் யாருக்காகத் துளைக்கருவியைக் கையில் எடுத்தாரோ, அரை நூற்றாண்டின் பின் வரிச்சட்டம் அவர்களிடமே திரும்பி வந்து நின்றது. எங்கள் ஊர்களில் போரின் தீக்காயத்தோடு வாழ்பவர்களை நான் கண்டிருக்கிறேன். தழும்பேறிய பக்கத்தை மறைத்துத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு பேசும் பெண்களிடம் எந்த நிலையத்தின் விளம்பரமும் போய்ச் சேர்ந்ததில்லை. தழும்பில் இரத்த ஓட்டம் குறைவு என்பதால் அங்கே நடும் நாற்று பிடிப்பதும் கடினம். அதிகம் தேவைப்படுபவருக்கே அதிகம் செலவாகும் சிகிச்சை இது.

மருமகனுக்கு இவை எல்லாவற்றையும் சொல்லவில்லை. ஒரு கணக்கை மட்டும் சொன்னேன். ஒரு சதுர சென்ரிமீற்றரில் 40 நாற்று நட்டால் 2,000 நாற்று மூடுவது 50 சதுர சென்ரிமீற்றரை. அதாவது, பக்கத்துக்கு 7 சென்ரிமீற்றர் கொண்ட ஒரு சதுரத்தை. பிடரி வாழ்நாள் முழுவதற்கும் தரக்கூடியது பெரும்பாலோருக்கு 6,000 முதல் 8,000 நாற்றுத்தான். எடுத்த இடத்தில் மறுபடி முளைப்பதில்லை. 28 வயதில் நெற்றியில் நட்டால், அதன் பின்னாலுள்ள சொந்த மயிர் உதிர்வதை அது தடுக்காது. நாற்பதில் நட்டது முன்னே தீவாக நிற்க, பின்னே வெளியாகும். அதைத் தடுக்க 1988 முதல் தலையில் பூசும் மினொக்சிடிலும் 1997 முதல் பினாஸ்ரரைட் மாத்திரையும் உள்ளன. நிறுத்தினால் பலனும் நின்றுவிடும். ஆகவே மாதாமாதம் அந்தச் செலவு தொடரும். துருக்கி நிலையம் அனுப்பிய விலைச்சீட்டில் இவை எவையும் இல்லை.

"அப்ப நடவேண்டாம் எண்டுறியளோ மாமா?" என்றான்.

அப்படிச் சொல்லவில்லை. என் தலையைப் பார்த்தவர்கள் அதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்பார்கள். துளையிடப்போவது யார், அவர் வைத்தியரா, அன்று அந்த அறையில் அவர் எத்தனை மணி நேரம் இருப்பார் என்று எழுத்தில் கேட்கும்படி சொன்னேன். கேட்டிருக்கிறான். விமானச்சீட்டு எப்போது வேண்டும் என்று கேட்டு இரண்டு பதில்கள் வந்துள்ளன. மற்றதற்கு இன்னும் வரவில்லை.