கல்விச் சீருக்கு அப்பால்: மக்கள் பங்கேற்பும் ஆசிரியர் வளர்ச்சியும்

பீரோ, நாற்காலி, மின்விசிறி ஆகியவற்றைச் சுமந்தும் எழுதுபொருள்களைத் தட்டுகளில் ஏந்தியும், மேளதாளத்துடன் ஊரார் அரசுப் பள்ளிக்குக் கொண்டு செல்லும் ‘கல்விச் சீர்’ இன்று தமிழகத்தின் பல ஊர்களில் நடைபெறுகிறது. பள்ளியைத் தங்கள் சொத்தாக மக்கள் கருதுவதன் அடையாளம் இது. ஆயினும் வகுப்பறையில் கற்றல் சிறக்க, இந்தப் பற்று ஆசிரியரின் தொழில்சார் வளர்ச்சிக்கும் துணைநிற்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பொருள்கொடைக்கு நெடிய மரபு உண்டு. காமராசர் ஆட்சியில் பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு, 1950களின் பிற்பகுதியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஓர் இயக்கமாகவே நடத்தினார். கட்டடம், தளவாடம், சீருடை எனப் பள்ளியின் தேவைகளைப் பட்டியலிட்டு, ஊர்மக்களைக் கொண்டே நிறைவேற்றிய முறை அது. பள்ளிகளை வேகமாகப் பெருக்கிய அக்காலத்துக்கு அதுவே பொருந்திய விடை.

இன்றோ பொருளோடு ஆசிரியர் வளர்ச்சியும் தேவை. அதில் கூட்டு முயற்சி என்ன சாதிக்கும் என்பதற்குச் செயல்வழிக் கற்றல் சான்று. ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகே உள்ள ரிஷிவேலி கல்வி மையம், பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் பயிலும் கிராமப் பள்ளிகளுக்கென அட்டைவழிக் கற்பித்தலை உருவாக்கியிருந்தது. சென்னை மாநகராட்சி ஆசிரியர்கள் அங்குச் சென்று, நடந்துகொண்டிருந்த வகுப்புகளைக் கண்டு கற்றனர். அட்டைகளை உருவாக்கும் பணியிலும் பங்கேற்றனர். 2003இல் மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் தொடங்கிய இம்முயற்சி, 2007இல் தமிழகமெங்கும் விரிந்தது. முன்னோடி ஆசிரியர்களுக்குக் கிட்டிய நேரடி அனுபவத்தை அந்த விரிவாக்க வேகத்தில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் வழங்குவது அரிது. அட்டை எல்லாப் பள்ளிக்கும் போய்ச் சேரும்; அதன் பின்னுள்ள சிந்தனை சேர, சக ஆசிரியரோடு அமர்ந்து உரையாடும் காலம் தேவை.

இத்தகைய ஆசிரியர் வளர்ச்சிக்கு ஊர்மக்கள் துணைநிற்கச் சட்டத்தில் இடமுண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21ஆம் பிரிவின்படி, முக்கால் பங்கு பெற்றோரையும் சரிபாதிப் பெண்களையும் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுவை அமைக்கிறது. பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுக்கும் பொறுப்பை 22ஆம் பிரிவு அக்குழுவிடம் ஒப்படைக்கிறது. அத்திட்டம் சுற்றுச்சுவரோடும் கழிப்பறையோடும் நின்றுவிடலாகாது. அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் ஆசிரியர் தவறாது பங்கேற்க வகைசெய்தல், அருகிலுள்ள சிறந்த பள்ளியைப் பார்வையிட அனுப்புதல், நூல்கள் வாங்குதல், ஊரின் உழவரையும் கைவினைஞரையும் பாடத்துக்குத் துணையாக அழைத்தல் ஆகியனவும் அதில் இடம்பெற வேண்டும்.

பாடமுறை அறியாத பெற்றோர் ஆசிரியப் பணியில் தலையிடுவர் என்ற அச்சம் எழலாம். ஆசிரியரை மதிப்பிடும் அதிகாரத்தை இங்கு யாரும் கோரவில்லை. குழந்தையின் வருகை, கற்றல் திறன், முன்னேற்றம் பற்றிப் பெற்றோரிடம் எடுத்துரைப்பது 24ஆம் பிரிவின்படி ஆசிரியரின் கடமை. அந்த உரையாடல் இருவருக்கும் பயிற்சி. மக்கள் துணை வந்தால் அரசு பொறுப்பைக் கைகழுவும் என்ற ஐயம் இதைவிட வலுவானது. ஆனால் ஆசிரியர் பயிற்சிக்கு வசதி செய்வது அரசின் கடமை என்று 8ஆம் பிரிவு விதிக்கிறது. எனவே மக்கள் பங்கேற்பு அக்கடமையை நிறைவேற்றச் செய்யும் கண்காணிப்பாகவும் அமைய வேண்டும். அதற்கு மாற்றாகிவிடக் கூடாது.

பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வகுக்கும் ஒவ்வொரு திட்டத்திலும் ஆசிரியர் வளர்ச்சிக்கெனத் தனிப் பகுதியையும் நிதியையும் அரசு கட்டாயமாக்க வேண்டும். கொடையாளர்களும் முன்னாள் மாணவர்களும் தங்கள் உதவியில் ஒரு பங்கை அதற்கென ஒதுக்க முன்வர வேண்டும்.