கருவி மாறும், கேள்வி மாறாது: ஆசிரியர்களுக்குத் தொழில்நுட்பம் கற்பிப்போரின் சங்கங்கள் எதைக் காக்க வேண்டும்?

பள்ளி ஆசிரியர்களுக்குத் தொழில்நுட்பம் கற்றுத் தருவோர் கல்வி உலகில் சிறிய பிரிவினர். கல்வியியல் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகத் துறைகளிலும் பெரும்பாலும் ஒருவர் இருவராகவே இருப்பார்கள். கணிதம் கற்பிக்கும் முறையை விளக்கும் பேராசிரியருக்கு அத்துறையின் நெடுங்கால வாதங்கள் துணை நிற்கின்றன. இவர்களுக்கோ, சில ஆண்டுகளுக்கு முன் பாடத்திட்டத்தில் இடம்பெற்ற மென்பொருளே இன்று புழக்கத்தில் இருப்பதில்லை. இந்தத் தனிமைக்கு மாற்றாகவே இவர்களுக்கான சங்கங்கள் தோன்றின. பிரிட்டனில் ஆசிரியர் கல்வியில் தகவல் தொழில்நுட்பத்துக்கான சங்கம் 1980களில் உருவாயிற்று. அமெரிக்காவில் ஜெர்ரி வில்லிஸ் போன்றோரின் முயற்சியால் 1990இல் தொடங்கிய அமைப்பு, ‘தகவல் தொழில்நுட்பம் மற்றும் ஆசிரியர் கல்விக் கழகம்’ என்று நிலைபெற்றது. ‘சைட்’ என்பது அதன் சுருக்கப் பெயர். இத்தகைய சங்கத்தை நடத்துவோருக்கு ஆண்டு மாநாடு, உறுப்பினர் சேர்க்கை, புதிய கருவிகளின் அறிமுகம் ஆகியவற்றிலேயே தம் உழைப்பின் பெரும்பகுதியைச் செலவிட நேர்கிறது. இவை வேண்டாதவை அல்ல. ஆனால் சங்கத்தின் முதற்கடமை வேறொன்று என்பது இக்கட்டுரையின் வாதம்: எந்தக் கருவி எந்தப் பாடத்தில் எதற்குப் பயன்பட்டது, எங்கே தோற்றது, ஏன் தோற்றது என்னும் தொழில்சார் நினைவைத் திரட்டிக் காப்பதே அது. அந்த நினைவைத் தொழில்நுட்ப வல்லுநர்கள் மட்டும் காக்க முடியாது. பாட ஆசிரியர் கல்வியாளர்களும் அதற்கு உடைமையாளர்களாக வேண்டும்.

நினைவைக் காக்கும் பொறுப்பை அரசு நிறுவனங்களிடம் விட்டுவிடலாமே என்று தோன்றலாம். பிரிட்டனின் வரலாறு அதற்கு இடம் தரவில்லை. அங்கே 1980இல் தொடங்கப்பட்ட நுண்மின்னணுக் கல்வித் திட்டம் 1986இல் முடிந்தது. அதன் பணியைத் தொடர அமைக்கப்பட்ட துணைப் பிரிவு 1988இல் வேறோர் அமைப்புடன் இணைக்கப்பட்டு, தேசியக் கல்வித் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது. 1998இல் அம்மன்றம் ‘பெக்டா’ என்னும் முகமையாக மாற்றப்பட்டது. 2010இல் ஆட்சி மாறியதும் சிக்கன நடவடிக்கையாக பெக்டாவை மூட முடிவெடுத்தார்கள். 2011இல் அது மூடப்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் ஒரே பணிக்கு நான்கு அமைப்புகள். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் முன்னுரிமைகள் மாறின. இதே காலப்பகுதியில், ஆசிரியர் கல்வியாளர்களின் சிறிய சங்கத்தோடு இணைந்து 1992இல் தொடங்கிய ஆய்விதழ், 2003இல் ‘தொழில்நுட்பம், கற்பித்தலியல், கல்வி’ என்று தன் எல்லையை விரித்துக்கொண்டு இன்றுவரை வெளிவருகிறது. அரசு முகமையின் கைக்குப் பணமும் அதிகாரமும் வந்துசேரும். ஆனால் அதன் ஆயுள் அமைச்சரவையின் ஆயுளோடு பிணைந்தது. சங்கம் வறியதாயினும் தன் ஆயுளைத் தானே தீர்மானிக்கும் நிலையில் இருக்கிறது.

பணம் மட்டும் எதைச் சாதிக்கும், எதைச் சாதிக்காது என்பதற்கும் அதே நாட்டில் சான்று உண்டு. லாட்டரி வருவாயிலிருந்து 23 கோடி பவுண்டு ஒதுக்கி, பணியிலிருந்த ஆசிரியர்கள் அனைவருக்கும் தகவல் தொழில்நுட்பப் பயிற்சி தரும் பெருந்திட்டம் 1999 முதல் நடந்தது. பாடம் கற்பிப்பதில் கணினியைப் பயன்படுத்துவதே அதன் அறிவிக்கப்பட்ட இலக்கு. அந்த இலக்கில் பிழையில்லை. ஆனால் பயிற்சியை வழங்கியவர்கள் பல தரத்தினர். ஆசிரியர்களில் பலர் அடிப்படைத் திறனிலேயே தடுமாறினார்கள். வேலை நேரத்துக்கு வெளியே படிக்க வேண்டியிருந்தது. பல பள்ளிகளில், குறிப்பாக இடைநிலைப் பள்ளிகளில், எதிர்பார்த்த பயன் விளையவில்லை என்று கல்வி ஆய்வுத் துறையான ஆஃப்ஸ்டெட் பதிவு செய்தது. ஒருமுறை வந்துபோகும் பயிற்சியாளரால் ஆசிரியரின் நடைமுறையை மாற்ற முடிவதில்லை. அவர் போன பின்பும் அந்த ஆசிரியரோடு தொடர்ந்து உரையாடும் தொழில்சமூகம் தேவை. அத்தகைய சமூகத்தை ஒப்பந்தப்புள்ளி கோரி விலைக்கு வாங்க முடியாது.

அமெரிக்க அனுபவம் இதே உண்மையை வேறு வகையில் காட்டுகிறது. நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை கூறிவந்த தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம், ஆசிரியர்களும் தொழில்நுட்பமும் பற்றிய அறிக்கையை 1995இல் வெளியிட்டது. அப்போது அந்நாட்டுப் பள்ளிகளில் சுமார் 58 லட்சம் கணினிகள் இருந்தன. ஒன்பது மாணவர்களுக்கு ஒன்று என்ற கணக்கு. இயந்திரங்கள் வந்துவிட்டன, அவற்றைக் கையாள ஆசிரியர்கள் ஆயத்தம் செய்யப்படவில்லை, ஆசிரியர் கல்வி நிறுவனங்களே பின்தங்கியிருக்கின்றன என்பது அவ்வறிக்கையின் சாரம். அதே ஆண்டில் அந்த அலுவலகமே கலைக்கப்பட்டது. வருங்கால ஆசிரியர்களைத் தொழில்நுட்பத்துக்கு ஆயத்தப்படுத்தும் கூட்டரசு மானியத் திட்டம் 1999இல் வந்தது. அதுவும் சில ஆண்டுகளில் நின்றது. ஆனால் அம்மானியத்தின் துணையோடு 2000இல் தொடங்கிய ‘தொழில்நுட்பம் மற்றும் ஆசிரியர் கல்வியில் சமகாலப் பிரச்சினைகள்’ என்னும் ஆய்விதழ் நிற்கவில்லை. அதை ஏற்று நடத்தியவை சங்கங்கள். மானியம் தீர்ந்த பின்னும் அவை இருந்தன. அரசுப் பணத்தை ஏற்கலாமா என்ற கேள்விக்கு இதில் தெளிவான விடை இருக்கிறது: ஏற்கலாம், ஆனால் அந்தப் பணம் முடியும் நாளுக்குப் பிறகும் நிற்கக்கூடிய ஒன்றைக் கட்டுவதற்கு மட்டும்.

அந்த ஆய்விதழின் அமைப்பே இக்கட்டுரையின் இரண்டாவது வாதத்துக்கு முதற்சான்று. அதைத் தொழில்நுட்பக் கழகம் தனித்து நடத்தவில்லை. கணிதம், அறிவியல், ஆங்கிலம், சமூக அறிவியல் ஆகிய பாடங்களின் ஆசிரியர் கல்வியாளர்களுக்கான சங்கங்கள் அதில் பங்காளிகள். ஒவ்வொரு பாடத்துக்கும் தனிப் பகுதி, தனிப் பதிப்பாசிரியர்கள். இதன் தேவையை வகுப்பறையிலிருந்தே விளக்கலாம். வடிவியல் மென்பொருளில் முக்கோணத்தின் முனையை இழுத்தால், எப்படி இழுத்தாலும் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகையாகவே இருப்பதை மாணவர் காண்கிறார். கண்டதையே நிரூபணம் என்று அவர் நம்பிவிடுவாரா என்பது கணிதக் கல்வியாளரின் கேள்வி. வெப்ப உணரியைக் கணினியோடு இணைத்தால் வரைபடம் உடனுக்குடன் திரையில் வரையப்படுகிறது. அச்சுகளைத் தானே தேர்ந்து வரையும் பழக்கம் இல்லாத மாணவர் அந்த வரைபடத்தை எந்த அளவு புரிந்துகொள்கிறார் என்பது அறிவியல் கல்வியாளரின் கேள்வி. ஆவணக் காப்பகங்களின் எண்ம நகல்கள் வரலாற்று வகுப்புக்குள் வரும்போது, சான்றை யார் எதற்காக உருவாக்கினார் என்று கேட்கும் பயிற்சி முன்னைவிட அவசரமாகிறது. இந்த மூன்றிலும் கருவியை இயக்கத் தெரிவது எளிய பகுதி; தீர்மானிக்கும் அறிவு பாடத்துக்குள் இருக்கிறது. லீ ஷுல்மன் 1986இல் முன்வைத்த ‘பாடம்சார் கற்பித்தல் அறிவு’ என்னும் கருத்தைத் தொழில்நுட்பத்துக்கு விரித்து, புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006இல் வெளியிட்ட ‘டிபேக்’ சட்டகம் இத்துறையில் இவ்வளவு பரவியதற்குக் காரணமும் இதுவே. தொழில்நுட்பம், பாடம், கற்பித்தல் ஆகிய மூன்றும் சந்திக்கும் இடத்தில் ஓர் அறிவு இருக்கிறது, அது தனித்தனியே கற்றால் கிடைக்காது என்று அது சொன்னது. அந்தச் சட்டகத்தை ஏற்றுக்கொண்ட ஒரு சங்கம், தன் நிர்வாகக் குழுவில் தொழில்நுட்பத்தாரை மட்டும் அமர்த்தினால் தான் ஏற்ற கொள்கைக்கே முரணாகிறது.

இதற்கு எழும் முதல் மறுப்பு அடையாளம் பற்றியது. எல்லாப் பாடத்தாரையும் உள்ளே அழைத்தால் சங்கம் தன் முகத்தை இழக்காதா? போராடிப் பெற்ற தனித்துறைத் தகுதி கரைந்துவிடாதா? இந்த அச்சம் நியாயமானது. சிறிய துறைகள் பெரிய துறைகளுக்குள் மறைந்துபோவது உண்டு. ஆனால் அடையாளத்தைக் கருவியின் மேலோ பாடப்பெயரின் மேலோ நிறுவினால் அது இன்னும் எளிதில் கரையும். இங்கிலாந்தில் 2012 ஜனவரியில் கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ் தகவல் தொழில்நுட்பப் பாடத்திட்டத்தைக் கைவிடும் முடிவை அறிவித்தார். பள்ளிக் கணினிக் கல்வியை அடியோடு திருத்தக் கோரிய ராயல் சொசைட்டி அறிக்கையும் அம்மாதமே வந்தது. 2014 செப்டம்பரில் அந்தப் பாடத்தின் இடத்தில் கணினியியல் வந்தமர்ந்தது. பழைய பாடத்துக்கு ஆசிரியர்களை உருவாக்குவதையே தம் தொழிலாகக் கொண்டிருந்தவர்கள், தாம் வல்லுநராக இருந்த பாடமே நீங்கியதைக் கண்டார்கள். ‘ஆசிரியர் எப்படிக் கருவியைத் தீர்ப்போடு கையாளக் கற்கிறார்’ என்ற கேள்வியைத் தன் துறையாகக் கொண்டவருக்கு மட்டும் அந்த மாற்றத்திலும் வேலை இருந்தது. சங்கத்தின் தனித்தன்மை அந்தக் கேள்வியில் இருக்கிறது. அதைப் பகிர்ந்துகொள்வதால் அது குறைவதில்லை.

இரண்டாவது மறுப்பு அளவும் அதிகாரமும் பற்றியது. நினைவைத் தொகுத்துக்கொண்டிருக்கும் சிறு சங்கம் கொள்கையை எப்படி மாற்றும்? பெரிதாவதே வழி என்போர் ‘இஸ்டி’ என்னும் பன்னாட்டுக் கல்வித் தொழில்நுட்ப அமைப்பைக் காட்டுகிறார்கள். இரு அமைப்புகளின் இணைப்பால் 1989இல் உருவான அது, 2023இல் பாடத்திட்டத் துறையின் பெரிய சங்கமான ஏஎஸ்சிடியோடு இணைந்தது. அதன் தர வரையறைகள் பல நாடுகளில் அறியப்பட்டவை. அந்த வீச்சை மறுக்க முடியாது. ஆனால் சிறிய சங்கத்தின் ஆய்விதழும் கொள்கைக்குள் நுழைந்திருக்கிறது. ஆசிரியர் கல்வியாளர்கள் எல்லோருக்கும் பொதுவான தொழில்நுட்பத் திறன்களை வரையறுக்க வேண்டும் என்ற தேவையை அமெரிக்கக் கல்வித் துறையின் 2016ஆம் ஆண்டுத் தேசியத் திட்டம் எழுப்பியது. பன்னிரண்டு திறன்கள் கொண்ட வரையறை 2017இல் வந்தது. அதை வெளியிட்டது சைட் அமைப்பின் ஆய்விதழ். ஒரே ஒரு தொழில்நுட்பத் தாளை ஒரே ஒரு வல்லுநர் நடத்தினால் போதாது, கணிதமும் மொழியும் நடத்தும் பேராசிரியர்களும் தம் கற்பித்தலில் அதைக் காட்ட வேண்டும் என்பதே அதன் அடிப்படை. துறைக்குள் பல்லாண்டுகள் நடந்த விவாதங்கள் பதிவாகியிருந்ததால்தான், அரசு கேட்டபோது சங்கத்தாரால் பதில் தர முடிந்தது.

பணத்தைப் பற்றிய மறுப்பே இவற்றுள் கடினமானது. உறுப்பினர் கட்டணமும் மாநாட்டுக் கட்டணமும் போதாதபோது, கருவி விற்கும் நிறுவனங்களின் அரங்கு வாடகையும் நன்கொடையும் இல்லாமல் சங்கம் எப்படி நடக்கும்? முற்றிலும் மறுக்க வேண்டும் என்று சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆனால் ஒரு கருவியைப் பயன்படுத்திப் பலன் கிடைக்கவில்லை என்ற ஆய்வு, அக்கருவியை விற்பவரின் பணத்தில் நடக்கும் மாநாட்டில் தயக்கமின்றி வாசிக்கப்பட வேண்டும். தோல்விகள் பதிவாகாத நினைவு விளம்பரமாகிவிடும். ஆகவே நிறுவனப் பணத்தை அரங்குச் செலவோடு நிறுத்தி, கட்டுரைத் தேர்விலும் பதிப்பிலும் விருதுகளிலும் அதற்குத் தொடர்பில்லாத வகையில் சங்க விதிகளிலேயே எழுதிவைப்பது அவசியம். அதேபோல ஆய்விதழைச் சந்தாவுக்குள் பூட்டினால் வருமானம் கிடைக்கும். ஆனால் அந்த நினைவு மிகவும் தேவைப்படும் சிறிய கல்லூரி ஆசிரியருக்கு அது எட்டாது. மேலே சொன்ன, பல சங்கங்கள் சேர்ந்து நடத்தும் ஆய்விதழ் எவரும் கட்டணமின்றிப் படிக்கத் திறந்திருக்கிறது என்பது அதன் பெருமைகளுள் ஒன்று. வருவாயை மாநாட்டிலிருந்து பெற்று, அதன் ஒரு பகுதியை இதழுக்கென ஒதுக்குவது சங்கத்துக்குச் சுமைதான். அந்தச் சுமையை ஏற்பதற்காகவே சங்கம் இருக்கிறது.

நினைவைக் காக்கும் அமைப்பு மெதுவாக நடக்கும், தொழில்நுட்பமோ காத்திருக்காது என்பது இறுதி மறுப்பு. 2020 இதைச் சோதித்த ஆண்டு. பெருந்தொற்றால் கல்வி நிறுவனங்கள் மூடப்பட்ட சில மாதங்களுக்குள், அந்த ஜூன் மாதத்திலேயே, ஆசிரியர் கல்வியாளர்களின் கள அனுபவங்களைத் திரட்டிய மின்னூலைச் சைட் அமைப்பின் தாய்ச்சங்கம் கட்டணமின்றி வெளியிட்டது. அதன் ஆய்விதழும் சிறப்பிதழ் கொண்டுவந்தது. எழுதுவோர், மதிப்பிடுவோர், பதிப்போர் என்ற வலைப்பின்னல் முன்பே இருந்ததால்தான் அந்த வேகம் கைகூடியது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின் ஆசிரியர்கள் கேட்கும் கேள்விகளும் முற்றிலும் புதியவை அல்ல. மாணவர் பெற்ற விடைக்கும் அவருடைய புரிதலுக்கும் இடையிலான தூரத்தை எப்படி அறிவது என்ற கேள்வியைக் கணக்கிடும் கருவியும் வடிவியல் மென்பொருளும் முன்பே எழுப்பிவிட்டன. அந்தப் பழைய விவாதங்களைக் கையில் வைத்திருப்பவர் புதியதை விரைந்து எதிர்கொள்கிறார்.

இந்த வாதம் நமக்குத் தொலைவானதன்று. இந்தியப் பள்ளிகளில் 1984இல் தொடங்கிய ‘கிளாஸ்’ கணினித் திட்டம் பிரிட்டனின் பிபிசி மைக்ரோ கணினிகளைக் கொண்டே நடந்தது; இயந்திரம் கடல் கடந்து வந்தது, அதைச் சூழ்ந்த ஆசிரியர் கல்வி விவாதம் அதே அளவில் வரவில்லை. அதே பத்தாண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி அமைந்த மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களின் கட்டமைப்பில் கல்வித் தொழில்நுட்பத்துக்கெனத் தனிப் பிரிவு உண்டு. இரண்டாண்டு பி.எட். படிப்புக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டகம் தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்தை ஆய்வு நோக்கில் புரிந்துகொள்வதை ஒரு தாளாகவே வைத்தது. ஆக, இப்பணியைச் செய்வோர் மாவட்டந்தோறும் இருக்கிறார்கள். அவர்களின் அனுபவம் அறிக்கைகளோடு கோப்புகளுக்குள் முடிந்துவிடாமல், தமிழிலேயே ஒருவர் மற்றவரைப் படித்து மறுத்து மேலெழுதும் இதழாக அமைய வேண்டும்.

சங்கம் நடத்துவோர் தம் ஆண்டறிக்கையில் மாநாட்டுக்கு வந்தோர் எண்ணிக்கைக்கு முன்பாகச் சில கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். தொழில்நுட்பத் துறைக்கு வெளியே உள்ள எத்தனை பாடக் கல்வியாளர்கள் இவ்வாண்டு முடிவெடுக்கும் இடத்தில் இருந்தார்கள்? பயன்தராத முயற்சிகளைப் பற்றிய எத்தனை கட்டுரைகள் வெளிவந்தன? பத்தாண்டுகளுக்கு முன் பதிவானவற்றுள் எது இன்றைய கருவிக்கும் பொருந்துகிறது என்று யார் ஆராய்ந்தார்? இக்கேள்விகளுக்கு நேர்மையாக விடை தரும் சங்கம், எவ்வளவு சிறியதாயினும், ஆசிரியர்களை ஒவ்வொரு புதிய கருவியின் முன்னும் தொடக்க நிலை மாணவராக நிறுத்தாது. தம் தொழிலின் அறிவோடு அந்தக் கருவியை மதிப்பிடும் தகுதியை அது அவர்களுக்குத் தரும். ஆசிரியர்களுக்குத் தொழில்நுட்பம் கற்பிப்பதன் நோக்கமும் அந்தத் தகுதிதான்.