பண்டிகை கேக்கும் பேர் போடாத புத்தகமும்



டிசம்பர் பிறந்துட்டா நம்ம ஊர் கிறிஸ்தவ வீடுகள்ல முறுக்கு, அதிரசம், அச்சு முறுக்குன்னு பலகார வேலை களைகட்டிடும். இப்போ அந்த வரிசையில கேக்கும் சேர்ந்துக்கிச்சு. ஓவன் இல்லாத வீட்டுல குக்கர்ல மணலைப் பரப்பிச் சுடுறோம். முந்திரி நறுக்க ஒருத்தர், மாவு சலிக்க ஒருத்தர், ஓரத்துல ஒட்டினதை வழிச்சுத் தின்ன நாலு பிள்ளைங்க. தீபாவளியானாலும் ரம்ஜானானாலும் கிறிஸ்துமஸானாலும், பலகாரம்னா அது வீடே சேர்ந்து செய்யுற வேலைதான்.

இப்படி வீட்டில் கேக் சுடும் வழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. அதில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஒரு பெண்ணின் கதை நாம் எல்லோரும் தெரிஞ்சுக்க வேண்டியது. அவர் பெயர் ஹன்னா கிளாஸ். 1708-ல் லண்டனில் பிறந்தவர். 16 வயதில் வீட்டுக்குத் தெரியாமல் ஒரு படைவீரரைக் கல்யாணம் செய்துகொண்டார். பிள்ளைகள் பலர் பிறந்தார்கள். சிலரைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தார். கையில் காசு தங்கவில்லை. பாட்டில் மருந்து விற்றுப் பார்த்தார், அது ஓடவில்லை. அப்புறம்தான் ஒரு சமையல் புத்தகம் எழுத உட்கார்ந்தார்.

அந்தக் காலத்துச் சமையல் புத்தகங்கள் பலவும் பெரிய மனிதர் வீட்டுச் சமையல்காரர்களுக்காக, பெரிய வார்த்தைகளில் எழுதப்பட்டவை. ஹன்னா அப்படி எழுதவில்லை. வீட்டு வேலை செய்யும் சாதாரணப் பெண்ணுக்கும் படித்தவுடன் விளங்க வேண்டும் என்று, பேசுவது போல எளிமையாக எழுதினார். அச்சடிக்கப் பணம்? நாம சந்தா சேர்க்குற மாதிரிதான். புத்தகம் வருவதற்கு முன்பே ஏறக்குறைய 200 பேர் வாங்கிக்கொள்வதாகப் பெயர் கொடுத்தார்கள். 1747-ல் புத்தகம் வெளிவந்தது. லண்டனில் ஒரு பெண்மணியின் பீங்கான் பாத்திரக் கடையிலும் அது விற்பனைக்கு இருந்தது. அதே வருஷம் ஹன்னாவின் கணவர் இறந்துபோனார்.

அந்தப் புத்தகத்தில் 972 குறிப்புகள். அவற்றில் 342 குறிப்புகள் மற்ற புத்தகங்களிலிருந்து எடுத்தவை என்று பிற்கால ஆய்வாளர்கள் எண்ணிக் காட்டியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் அது சகஜம். இந்திய முறையில் கறி செய்வது எப்படி என்றும் அதில் ஒரு குறிப்பு உண்டு.

கேக் விஷயத்துக்கு வருவோம். பவுண்டு கேக் என்று ஒன்று சொல்கிறார். ஒரு பவுண்டு வெண்ணெய், ஒரு பவுண்டு மாவு, ஒரு பவுண்டு சர்க்கரை, 12 முட்டை, கொஞ்சம் சீமைச்சீரகம். ஒரு பவுண்டு என்றால் நம்ம கணக்கில் சுமார் 450 கிராம். வெண்ணெயைக் கையாலேயே குழைத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மணி நேரம் அடிக்க வேண்டும். அப்புறம் சூடான அடுப்பில் ஒரு மணி நேரம் வேக வேண்டும்.

ஏன் அவ்வளவு நேரம் அடிக்கணும்? அப்போ பேக்கிங் பவுடர் கிடையாது. கை அடிக்கிற அடியில் உள்ளே போகும் காற்றுதான் கேக்கை உப்ப வைக்கும். பாதியில் நிறுத்தினால் கேக் கல்லு மாதிரி இறுகிவிடும். பேக்கிங் பவுடர் 1843-ல்தான் வந்தது. பர்மிங்காம் நகரத்து மருந்துக் கடைக்காரர் ஆல்ஃபிரட் பேர்ட், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக அதைச் செய்தார். அதற்கு முந்தைய பவுண்டு கேக்கெல்லாம் கை வலியில் உப்பிய கேக்தான். கை மாற்றிவிட ஆள் இருந்த வீட்டில் அந்த ஒரு மணி நேரம் பேச்சும் சிரிப்புமாகப் போயிருக்கும். தனியாக நின்றவளுக்கு அது வெறும் தோள்வலி. இது அதிரச மாவு இடித்த கைகளுக்குச் சொல்லாமலே தெரியும்.

அடுப்பும் லேசுப்பட்டதில்லை. செங்கல் அடுப்புக்குள்ளேயே விறகை எரிக்கணும். செங்கல் நல்லா காய்ந்ததும் தணலையும் சாம்பலையும் வழித்து எடுத்துட்டு, அந்தச் சூட்டில் வேக வைக்கணும். சூடு பார்க்க மீட்டர் எதுவும் இல்லை. பழகின கைதான் கணக்கு.

கிறிஸ்துமஸுக்கென்றே யார்க்‌ஷயர் பை என்று ஒன்றும் எழுதியிருக்கிறார். எலும்பு நீக்கிய வான்கோழிக்குள் வாத்து, அதற்குள் கோழி, அதற்குள் கவுதாரி, அதற்குள் புறா என்று ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, கெட்டியான மாவுச் சுவருக்குள் அடைத்துச் சுடுவது. மாவு மட்டுமே ஒரு புஷல், அதாவது சுமார் 35 லிட்டர் கொள்ளளவு. வேகக் குறைந்தது நாலு மணி நேரம். இதைப் பெட்டியில் வைத்து லண்டனில் இருப்பவர்களுக்குப் பரிசாக அனுப்புவார்களாம். வழியில் உடையாமல் இருக்க, சுவரைப் பலமாகக் கட்டச் சொல்கிறார். பலகாரத்தைத் தூக்கில் போட்டு மகள் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிற நமக்கு இது புரியாதா என்ன?

புத்தகம் நன்றாக விற்றது. அந்த நூற்றாண்டிலேயே பல பதிப்புகள் வந்தன. ஆனால் ஹன்னாவின் கஷ்டம் தீரவில்லை. மூத்த மகளோடு சேர்ந்து நடத்திய துணிக்கடையில் கடன் ஏறியது. 1754-ல் திவாலானார். கடையின் சரக்கு மகள் பெயரில் இருந்ததால் அது தப்பியது. புத்தகத்தின் உரிமையோ அவர் கையை விட்டுப் போனது. கடனுக்காக அதை விற்றுவிட்டார். 1757-ல் கடனாளிகளை அடைக்கும் சிறைக்கும் போனார். அதே வருஷம் வெளியே வந்தார். அதன்பிறகு பலகாரம், இனிப்பு வகைகளுக்கென்றே இன்னொரு புத்தகமும் எழுதினார். 1770-ல் காலமானார்.

இன்னொரு இழப்பும் உண்டு. 1747-ல் வந்த புத்தகத்தில் எழுதியவர் ‘ஒரு பெண்மணி’ என்றுதான் இருந்தது. 1751 பதிப்பில்தான் எச். கிளாஸ் என்ற கையெழுத்து வந்தது. அப்படியும் அவர் இறந்தபின், அதை எழுதியது ஜான் ஹில் என்ற ஆண் மருத்துவர்தான் என்று பேச்சு கிளம்பியது. பெரிய அறிஞரான சாமுவேல் ஜான்சன், ஹில் எழுதியிருப்பார் என்பதை நம்பவில்லை. ஆனால் அவரும் பெண்களுக்கு நூல் நூற்க நன்றாக வரும், நல்ல சமையல் புத்தகம் எழுத வராது என்றே சொன்னார். நாடெங்கும் அடுப்படியில் கிடந்த புத்தகத்தின் சொந்தக்காரி யார் என்று 1938-ல்தான் சந்தேகமறத் தெரிந்தது. ஆவணங்களைத் தேடி நிரூபித்தவரும் மெடலின் ஹோப் டாட்ஸ் என்ற ஒரு பெண் வரலாற்றாய்வாளர்தான்.

இதை ஏன் நம்ம மலரில் எழுதணும்? நம்ம குழுக்களிலும் பண்டிகைக்குப் பலகாரம் போட்டு விற்கிற சகோதரிகள் நிறைய பேர். அதிரசப் பாகு எந்தப் பதத்தில் இறக்கணும், கேக் வெந்ததா என்று எந்த வாசனையில் தெரியும் என்பதெல்லாம் அவங்க கைக்குத்தான் தெரியும். அதை “கைப்பக்குவம்”னு பாராட்டிட்டு விட்டுடுறோம். எழுதி வைக்கிறதில்லை.

அதனால ஒரு சின்ன யோசனை. இந்தப் பண்டிகைக்குப் பலகாரம் செய்யும்போது குழுவுக்கு ஒரு நோட்டு போடுங்க. என்ன அளவு, என்ன பதம், எவ்வளவு நேரம் என்று எழுதுங்க. எழுதத் தெரியாத அக்கா சொல்லட்டும், படிக்கிற பிள்ளை எழுதட்டும். அடுத்த பக்கத்தில் மாவு, எண்ணெய், கேஸ் செலவோடு உங்க கூலியையும் சேர்த்துக் கணக்கு எழுதுங்க. விலை வைக்க அதுதான் ஆதாரம். ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே சொன்னவர் பெயரை, ஊரோடு சேர்த்து, மறக்காமல் எழுதுங்க.