கோவிவனும் சோற்றுக்கடனும்

செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் கிடைத்த நடுகல் ஒன்று, முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளைக் காக்கும் பூசலில் இறந்த கருந்தேவக்கத்தி என்னும் சேவகனுக்கு எடுத்த கல் அது. அவனருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் அந்நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்கிறது கல்வெட்டு.

வீரத்தைக் காட்டிலும் அந்தப் பெயரே என்னை ஈர்க்கிறது. பெயர் சொல்லி அழைப்பதும், வந்ததும் உணவிடுவதும்தானே நாயைப் பழக்குவதன் முதற்பாடம்?

கன்னட நாட்டு ஆதகூர்க் கல்வெட்டு இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. தக்கோலப் போரில் (949) காட்டிய வீரத்துக்குப் பரிசாக, கங்க மன்னன் பூதுகனிடம் மணலேரன் கேட்டுப் பெற்றது காளி என்னும் வேட்டைநாயை. காட்டுப்பன்றியோடு பொருது காளி மடிந்தபின் கல் நட்டு, நிலமும் விட்டார்கள். அக்கல்லை வழிபடாமல் பூசகர் உண்டால் பாவம் என்றும் பொறித்தார்கள்.

இவற்றை வகுப்பில் விளக்கும் நான், வீட்டு நாய்க்கு வெங்காயச் சாம்பார் கலந்த சோற்றைப் பல்லாண்டு இட்டவன். அது சோர்ந்து, ஈறு வெளிறிய பிறகே மருத்துவர் சொல்லி அறிந்தேன்: வெங்காயம் நாயின் குருதிச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெந்த கோழியெலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

செஞ்சோற்றுக்கடனைக் கோவிவன் கழித்துவிட்டது. சோறிடுபவனுக்கும் ஒரு கடன் உண்டு என்பதை நான் தாமதமாகவே கற்றேன்.