மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலர் ஆவது எப்படி? தகுதி, தேர்வு, சம்பளம்... முழு விவரம்!

ஊருக்கே வேலை தேடித்தர உதவும் அரசு அதிகாரி யார்னு கேட்டா, பலருக்கும் பதில் தெரியாது. கலெக்டர், டிஎஸ்பி கனவோடு குரூப் 1 தேர்வுக்குப் படிக்கிறவர்களில் பலர் கவனிக்காமல் கடந்து போகும் பதவி இது: மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலர். இந்தப் பதவிக்கு என்ன தகுதி? என்ன வேலை? எப்படித் தேர்வு செய்கிறார்கள்? பார்க்கலாம்.

இவர்களின் வேலை என்ன?

'எம்ப்ளாய்மென்ட் ஆபிஸ்' என்று நாம் சொல்லும் அலுவலகத்தின் முழுப்பெயர், மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம். பதிவு, 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தல் எல்லாம் இப்போது ஆன்லைனில் வந்துவிட்டது. அப்போ அதிகாரிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நிறையவே இருக்கு.

* தனியார் நிறுவனங்களை அழைத்து வேலைவாய்ப்பு முகாம் நடத்துவது
* போட்டித் தேர்வு எழுதுவோருக்கு, தன்னார்வ பயிலும் வட்டம் மூலம் இலவசப் பயிற்சி வகுப்பு நடத்துவது
* பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு அடுத்து என்ன படிக்கலாம் என வழிகாட்டுவது
* வேலையில்லாதோருக்கான உதவித்தொகை விண்ணப்பங்களைச் சரிபார்த்து வழங்குவது
* நிறுவனங்களிடம் இருந்து காலியிடம், பணியாளர் எண்ணிக்கை விவரங்களைப் பெறுவது

கடைசியில் சொன்ன வேலைக்கு, காலியிடங்களைக் கட்டாயமாகத் தெரிவிக்கச் சொல்லும் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் நீண்டகாலம் அடிப்படையாக இருந்தது. அந்த விதிகள் பின்னர் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-ல் சேர்க்கப்பட்டன.

இதில் சவால் எங்கே?

பதிவு செய்துவிட்டால் ஒருநாள் வீடு தேடி கார்டு வரும் என்ற நம்பிக்கை இன்னும் பல குடும்பங்களில் இருக்கிறது. ஆனால், அரசுப் பணியிடங்களில் பெரும்பகுதி இப்போது டிஎன்பிஎஸ்சி, ஆசிரியர் தேர்வு வாரியம், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் போன்றவை நடத்தும் தேர்வுகள் மூலமே நிரப்பப்படுகின்றன. பதிவு மூப்பை மட்டும் நம்பி வருடக்கணக்கில் காத்திருப்பவரிடம் இந்த உண்மையைப் பக்குவமாகச் சொல்லி, தேர்வு, திறன் பயிற்சி, தனியார் வேலை என வேறு வழியைக் காட்ட வேண்டும். இந்தப் பதவியின் நிஜமான பொறுப்பு அதுதான்.

உதவித்தொகையும் அப்படித்தான். பட்டதாரிக்கு மாதம் ரூ.600, பிளஸ் 2 முடித்தவருக்கு ரூ.400, பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெற்றவருக்கு ரூ.300, தேர்ச்சி பெறாதவருக்கு ரூ.200 என பொதுப்பிரிவில் 3 ஆண்டுகள் கிடைக்கும். இதற்குப் பதிவு செய்து 5 ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.72,000-க்குள் இருக்க வேண்டும். பட்டதாரிக்கு 3 ஆண்டில் மொத்தமே ரூ.21,600 தான். தொகை சின்னது. ஆனால் தேர்வுக் கட்டணத்துக்கும் பஸ் செலவுக்கும் வீட்டில் கை நீட்டும் நிலையில் இருப்பவருக்கு அது பெரிய ஆறுதல். மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகையும் காலமும் அதிகம்.

எப்படிச் சேர்வது?

இரண்டு வழிகள் இருக்கு.

வழி 1: டிஎன்பிஎஸ்சி குரூப் 1. இதில் தேர்வானால் நேரடியாக மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலர்.

கல்வித்தகுதி: ஏதேனும் ஒரு பட்டப்படிப்பு.

வயது: குறைந்தபட்சம் 21. அதிகபட்சம் பொதுப்பிரிவினருக்கு 34, எஸ்சி, எஸ்டி, பிசி, எம்பிசி உள்ளிட்ட பிரிவினருக்கு 39 (2024 அறிவிக்கைப்படி).

முதல்நிலைத் தேர்வு: 200 கேள்விகள், 300 மதிப்பெண். பொது அறிவு 175, திறனறிவு 25. இந்த மதிப்பெண் இறுதிப் பட்டியலில் சேராது.

முதன்மைத் தேர்வு: முதலில் தமிழ் தகுதித் தாள். 100-க்கு 40 எடுக்கலைன்னா, மற்ற தாள்களைத் திருத்தவே மாட்டார்கள். அடுத்து தலா 250 மதிப்பெண்ணுக்கு 3 பொது அறிவுத் தாள்கள். எல்லாமே விரிவாக எழுத வேண்டியவை.

நேர்முகத் தேர்வு: 100 மதிப்பெண். ஆக, தரவரிசை 850 மதிப்பெண்ணுக்கு.

முதல் வகுப்பிலிருந்து பட்டப்படிப்பு வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு.

வழி 2: டிஎன்பிஎஸ்சி குரூப் 2. இதில் இளநிலை வேலைவாய்ப்பு அலுவலர் பணி கிடைக்கும். முதல்நிலை, முதன்மை என இரண்டு கட்டத் தேர்வு. மாவட்ட அலுவலகத்தில் சேர்ந்து, அனுபவத்தோடு பதவி உயர்வில் மேலே போகலாம். இந்தத் துறைதான் வேண்டும் என்பவர்களுக்கு இது நடைமுறைக்கு ஏற்ற வழி.

சம்பளம் எவ்வளவு?

குரூப் 1 வழியே சேருவோருக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் ரூ.56,100. இதோடு அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி தனி. பதவி உயர்வில் துணை இயக்குநர், இணை இயக்குநர் வரை செல்ல வாய்ப்பு இருக்கிறது.

இதைக் கவனிங்க!

குரூப் 1-ல் இந்தப் பதவிக்கு இடங்கள் மிகக் குறைவு. 2022-ல் அறிவிக்கப்பட்ட 92 இடங்களில் இதற்கு 3 மட்டுமே. 2024-ல் 90-க்கு ஒன்றே ஒன்று. அதனால் இதை மட்டுமே குறிவைத்துப் படிப்பது சரிவராது. குரூப் 1, குரூப் 2 இரண்டுக்கும் சேர்த்தே தயாராகுங்கள். பாடத்திட்டத்தில் பெரும்பகுதி ஒத்துப்போகும்.

தேர்வுக்குப் படிக்க இடமோ புத்தகமோ இல்லையா? உங்க மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்திலேயே போய்க் கேளுங்கள். அங்கு நடக்கும் தன்னார்வ பயிலும் வட்டத்தில் சேர கட்டணம் கிடையாது. ஒவ்வொரு அறிவிக்கையிலும் இடங்கள், வயது வரம்பு மாறலாம் என்பதால், விண்ணப்பிக்கும் முன் டிஎன்பிஎஸ்சி இணையதளத்தில் அறிவிக்கையை முழுசாகப் படித்துவிடுங்கள்.