எர்ர மட்டியும் எங்க ஊர்த் தேரியும்

விசாகப்பட்டினத்துக்கு வந்து பன்னிரண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஊர்ல இருந்து யாராவது வந்தா காட்டறதுக்குன்னு ஒரு வரிசை வெச்சிருக்கேன். ராமகிருஷ்ணா பீச், அங்கேயே கரையேத்தி நிறுத்தியிருக்கற குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல் (1969ல் கடற்படையில் சேர்ந்து, 2001ல் ஓய்வு வாங்கி, 2002ல் அருங்காட்சியகம் ஆனது), கைலாசகிரி ரோப் கார், ருஷிகொண்டா அலை, சாயங்காலம் பீச்சில முரி மிக்சர். ரெண்டு நாள்ல முடிஞ்சுடும். "மெட்ராஸ் மாதிரிதான், கூட மலையும் இருக்கு"ன்னு சொல்லிட்டு ரயிலேறிடுவாங்க.

வரிசைக்கு வெளியில இருக்கற இடங்களுக்கு நான் போக ஆரம்பிச்சதுக்குக் காரணம் வரலாற்று ஆர்வம் எல்லாம் இல்லை. சர்க்கரை. டாக்டர் நடக்கச் சொன்னார். அபார்ட்மென்ட்டைச் சுத்தி நடந்தா பக்கத்து வீட்டுக்காரர் ஷேர் மார்க்கெட் பேசறார். அதனால ஞாயித்துக்கிழமை ஆனா காலையில ஆறு மணிக்கு பீமிலி ரோடு. தங்கமணிக்கு அந்த நேரத்துல தூக்கம் முக்கியம். கூட வர்றது மகள் மட்டும்தான். இங்கேயே பிறந்து வளர்ந்தவ, தமிழ் பேசுவா, படிக்கறது கொஞ்சம் தடுமாற்றம்.

அந்த ரோடு கடலை ஒட்டியே போகும். இடது பக்கம் மலை, வலது பக்கம் வங்காள விரிகுடா. பதினாறு கிலோமீட்டர் போனா தொட்லகொண்டா. மலை மேல ஒரு பெரிய பௌத்த விஹாரம். கடற்படைக்காரங்க தளம் அமைக்க விமானத்துல இருந்து நிலத்தை அளந்தப்பதான் இது கண்ணுல பட்டதாம். 1988லிருந்து 1993 வரை ஆந்திர தொல்லியல் துறை தோண்டினது. துறவிகள் தங்கின அறை, ஸ்தூபம், பாறையில வெட்டின தண்ணித் தொட்டிகள் எல்லாம் வெளிய வந்தது. அந்தத் தொட்டிகளாலதான் தொட்லகொண்டான்னு பேரு. சாதவாகனர் காசும் ரோமானிய வெள்ளிக் காசும் கிடைச்சிருக்கு. மேல நின்னு பார்த்தா கடல் விரிஞ்சு கிடக்கும். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி கப்பல்காரன் கீழ இருந்து இந்த மலையைத்தான் அடையாளமா பார்த்திருப்பான்னு தோணும்.

நம்ம ஆளுங்களும் இந்தக் கரைக்கு வராம இல்லை. குலோத்துங்க சோழபட்டினம்னு விசாகப்பட்டினத்துக்கு இன்னொரு பேர் இருந்ததைக் கல்வெட்டு சொல்லுது. தமிழ்ச் சங்க விழான்னா இதை யாராவது மைக்ல சொல்லிடுவாங்க, கைத்தட்டலும் கிடைக்கும். எனக்கு அதைவிட பெரிய சொந்தம் இன்னும் கொஞ்ச தூரத்துல இருந்தது. தெரியாம அந்த வழியா பல தடவை போயிருக்கேன்.

பீமிலிக்குக் கொஞ்சம் முன்னாடி எர்ர மட்டி திப்பலு. தெலுங்குல செம்மண் மேடுகள்னு அர்த்தம். சினிமாக்காரங்க டூயட் எடுக்கற இடம்னு கேள்விப்பட்டு, அதனாலேயே போகாம இருந்தேன். போன வருஷம் மகள் பிடிவாதம் பிடிச்சு இழுத்துட்டுப் போனா. முந்திரி மரமும் பனையும் தாண்டி உள்ள பத்து நிமிஷம் நடந்தோம். திடீர்னு தரை பிளந்து, ரெண்டு ஆள் மூணு ஆள் உயரத்துக்குச் சிவப்புச் சுவர். கீழ ஓடை மாதிரி வளைஞ்சு போற வழி. மண்ணைக் கையில எடுத்தேன். விரல் இடுக்குல வழிஞ்சு போச்சு, உள்ளங்கையில மட்டும் காவி நிறம் ஒட்டிக்கிச்சு.

நான் பிறந்தது திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவுல, தேரிக்காட்டு ஓரத்துல. அந்தக் காவி நிறம் என் பள்ளிக்கூடச் சட்டையில இருந்து போனதே இல்லை. எழுநூறு மைலுக்கு மேல தள்ளி அதே மண்ணு!

வீட்டுக்கு வந்ததும் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். ரெண்டும் ஒரே ஜாதி மண்ணுதான். தெற்காசியாவிலேயே இந்த மாதிரிக் கடலோரச் செம்மணல் குன்றுகள் மூணு இடத்துலதான் சொல்றாங்க: தமிழ்நாட்டுத் தேரி, இந்த எர்ர மட்டி, அப்புறம் இலங்கை. இங்க இருக்கறது கரையோரமா அஞ்சு கிலோமீட்டர் நீளம், 200 மீட்டர்ல இருந்து ரெண்டு கிலோமீட்டர் வரை அகலம். புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த வில்லியம் கிங் 1886ல் இதைப் பத்தி எழுதினார். அதே காலத்துல அதே துறையில இருந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் திருநெல்வேலிப் பக்கம் நடந்து தேரியைப் பத்தி எழுதியிருக்கார்.

மண்ணு எப்படிச் சிவந்தது? சுமார் இருபதாயிரம் வருஷத்துக்கு முன்னாடி, கடைசிப் பனியுகத்தோட உச்சத்துல, உலகத்துத் தண்ணியில ஒரு பகுதி பனிக்கட்டியா உறைஞ்சு கடல்மட்டம் இப்ப இருக்கறதைவிட 120 மீட்டர் போலத் தாழ்ந்து கிடந்தது. கடலடியில இருந்த மணல் வெளிய வந்து காய்ஞ்சது. காத்து அதை அள்ளிக்கொண்டு வந்து மேடா குவிச்சது. அந்த மணல்ல இல்மனைட், கார்னெட்னு இரும்புச் சத்துள்ள தாதுக்கள் கலந்திருக்கு. மழையும் வெயிலும் மாறி மாறிப் பட்டு இரும்பு துருப்பிடிச்சு, ஒவ்வொரு மணல் மேலயும் மெல்லிசா ஒரு சிவப்புப் பூச்சு. அவ்வளவுதான், நம்ம ஊர் சிவப்பு என்கிறது துருதான்.

அப்புறம் ரெண்டு ஊரும் வேற வேற வழியில போயிடுச்சு. இங்க மழை அறுத்து அறுத்துப் பள்ளமாக்கிச்சு. எங்க ஊர்ல மழை எங்க இருக்கு? ஆனி ஆடிக் காத்துதான். மணல் நகர்ந்து வந்து தோட்டத்தை மூடின கதையெல்லாம் ஆச்சி சொல்லுவா. மத்தியானத்துல தேரியைத் தாண்டணும்னா பனையோலையை முன்னால போட்டு, அதுமேல கால் வெச்சு, திரும்ப எடுத்து முன்னால போட்டுப் போவாங்களாம்.

ஆனா அங்கயும் மனுஷன் இருந்திருக்கான். சாயர்புரம் பக்கத்துத் தேரியில ஃபூட் சின்னச் சின்னக் கல் ஆயுதங்களைப் பொறுக்கினார். பிறகு ஸாய்னரும் பிரிஜெட் ஆல்ச்சினும் இந்தத் தேரி ஆயுதங்களை ஆராய்ஞ்சு 1956ல் ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. கடல்மட்டக் கணக்கை வெச்சு அவங்க போட்ட மதிப்பு கி.மு. 4000 வாக்குல. அம்பு முனைக்கும் மீன் குத்தறதுக்கும் ஆன நக அளவு கற்கள். சின்ன வயசுல அந்த மாதிரிக் கல்லைப் பொறுக்கி ஓணான் அடிச்சிருக்கேன். வேறென்ன சொல்ல...

இதெல்லாம் படிச்சிட்டிருந்த நேரத்துலதான் தம்பி போன் பண்ணினான். அப்பா பேர்ல தேரியில மூணு ஏக்கர் இருக்கு. பாதி பனை, பாதி சும்மா. ஒருத்தர் விலைக்குக் கேட்டு வந்திருக்கார். "நிலம் வேண்டாமாம் அண்ணே, மண்ணுதான் வேணுமாம். அள்ளிட்டு நிலத்தைத் திருப்பித் தந்துருவாங்களாம்" என்றான்.

ரெண்டு மாசம் முன்னாடி கேட்டிருந்தா 'குடுத்துருல, அதுல என்ன விளையுது'ன்னு சொல்லியிருப்பேன். அதை மறைக்க வேண்டியதில்லை. மகள் ஒரு தடவை "நம்ம ஊர்ல என்ன ஃபேமஸ்"னு கேட்டப்ப "ஒண்ணுமில்ல, வெறும் செம்மண்ணு"ன்னுதான் சொன்னேன்.

மண்ணைச் சிவப்பாக்கின அதே தாதுதான் அதுக்கு விலையும் வைக்குது. இல்மனைட்ல இருந்துதான் டைட்டானியம். 2007ல் ஒரு டைட்டானியம் ஆலைக்காகச் சாத்தான்குளம் பக்கம் தேரி நிலத்தை எடுக்கப் பேச்சு வந்து, ஊரே ரெண்டுபட்டு, கடைசியில நின்னு போச்சு. 2013ல் தமிழ்நாடு அரசு கடற்கரைத் தாதுமணல் அள்ளறதுக்குத் தடை போட்டது. பீமிலிக் கரையிலயும் இதே தாது உண்டு. எர்ர மட்டியைத் தேசிய புவியியல் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சிருந்தும், 2024ல் மேடுகளை ஒட்டி மண் தோண்டின செய்தி வந்து இங்க பெரிய எதிர்ப்பு கிளம்பிச்சு. 2025 செப்டம்பர்ல யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்ல இந்தியாவில இருந்து ஏழு இயற்கை இடங்கள் சேர்ந்தது. அதுல எர்ர மட்டி இருக்கு. அந்த ஏழுல தேரி இல்லை.

தம்பிகிட்ட பொறுக்கச் சொன்னேன். அவனுக்குக் கோபம். வெயில்ல நின்னு வேலியைப் பார்த்துக்கறது அவன், ஏசி ரூம்ல உட்கார்ந்து வரலாறு பேசறது நான். அவன் சொல்றதுல நியாயம் இல்லாம இல்லை. அவன் மகன் காலேஜ் ஃபீஸ்ல பாதி நான் தர்றதா சொல்லியிருக்கேன். சரின்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை.

போன வாரம் திரும்பப் போனோம். இந்தத் தடவை எர்ர மட்டியைத் தாண்டி பீமிலி வரை. அங்க கோஸ்தனி ஆறு கடல்ல சேருது. பக்கத்துல டச்சுக்காரங்க கல்லறை. 1658ல் தூத்துக்குடியைப் பிடிச்ச அதே டச்சுக் கம்பெனிதான் இங்கயும் கடை போட்டிருந்தது. 1825ல் ரெண்டு ஊரும் இங்கிலீஷ்காரன் கைக்குப் போச்சு. கல்லறை வாசல் பக்கம் ஒரு அம்மா பனங்கிழங்கு வித்துட்டிருந்தாங்க. தெலுங்குல தேகலு. மகள் நார் உரிக்கத் தெரியாம முழிச்சா.

வண்டியில இருந்தே அம்மாவுக்கு போன் போட்டேன். அம்மா இன்னும் வருஷா வருஷம் கார்த்திகைக் கடைசியில தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயில் கள்ளர்வெட்டுக்குப் போய், மண்ணெடுத்து வந்து சம்படத்துல போட்டு வைப்பா. வீட்டுல, தோட்டத்துல, மாட்டுத் தொழுவத்துல தூவுவா. அதே மாதிரி மண்ணு இங்க இருக்குன்னு சொன்னேன்.

"அப்படியால? அங்க பனை நிக்கா?"

"நிக்கும்மா. கொல்லாமரமும் நிக்கு."

"அய்யனார் கோயில் உண்டா?"

"நான் பாத்த வரைக்கும் இல்லம்மா."

"அப்பம் மண்ண யாரு பாத்துக்கிடுதா?"

"போர்டு வெச்சிருக்காங்கம்மா"ன்னேன்.