மின்சாரத்தின் கடைமடை: தஞ்சை டெல்டாவும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியும்

கணினிக் கடைகளில் எஸ்.எம்.பி.எஸ். என்ற சுருக்கப் பெயராலேயே அறியப்படும் தகரப் பெட்டி, வீட்டு இணைப்பில் வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை வாங்கி, கணினியின் உள்ளுறுப்புகளுக்கு வேண்டிய 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தரும் கருவியாகும். அதன் தரத்தையும் விலையையும் எடைபோடும் வழக்கம் எல்லா ஊர்களிலும் ஒன்றுபோல வளர்ந்ததாகத் தோன்றினாலும், தஞ்சை டெல்டாவில் அவ்வழக்கத்தை உருவாக்கியதில் கணினிகளைவிட வயல் மோட்டார்களுக்கே பெரும் பங்கு உண்டு.

மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டு, அதன் நீர்மின் நிலையம் 1937ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியதும், அதன் மின்வழிகள் திருச்சி, தஞ்சை மாவட்டங்களை நோக்கி நீண்டன. ஆயினும் ஆற்றுப் பாசனமே போதுமாயிருந்த டெல்டாவில், கிணற்றுப் பாசனத்தை நம்பிய கோவை வட்டாரத்தைப் போல மோட்டார்கள் உடனடியாகப் பெருகவில்லை. 1924ஆம் ஆண்டின் காவிரி ஒப்பந்தத்தைப் பற்றிய தகராறு 1974க்குப் பின் முற்றி, ஜூன் 12ஆம் நாள் அணை திறக்கப்படும் என்ற உறுதி தளர்ந்தபோதுதான், மணற்பாங்கான நிலத்தில் அதிக ஆழமின்றிக் குழாய் இறக்கி நீர் எடுக்கும் பில்டர் பாயிண்ட் கிணறுகளை நம்பிக் குறுவைக்கு நாற்று விடுவது பரவியது. உழவர்களுக்கு மின்சாரம் கட்டணமில்லாமல் கிடைக்கத் தொடங்கியதும் அப்பரவல் மேலும் விரைந்தது.

ஒரே டிரான்ஸ்பார்மரிலிருந்து புறப்பட்டு வயல்களையும் தெருக்களையும் கடந்து செல்லும் தாழ்வழுத்தக் கம்பியில் பல மோட்டார்கள் ஒருசேர ஓடும்போது, கம்பியின் நீளத்திலேயே மின்னழுத்தத்தின் ஒரு பகுதி கரைந்துவிடுகிறது. வாய்க்காலின் தலைமடைக்காரர் எடுத்தது போக எஞ்சிய நீரே கடைமடைக்கு வருவதைப் போல, கம்பியின் இறுதியிலிருந்த வீடுகளுக்கு எஞ்சிய வோல்டேஜே வந்தது. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் தாழ்வழுத்த இணைப்பில் 6 விழுக்காட்டுக்கு மேல் ஏற்ற இறக்கம் கூடாது என்றபோதிலும், மின்விளக்கு மங்கி எரிவதைப் பார்த்தே எத்தனை மோட்டார் ஓடுகிறது என்று சொல்லிவிடக்கூடிய ஊர்களுக்கு அவ்விதி ஏட்டளவில்தான் பொருந்தியது. மும்முனை மின்சாரம் சில மணி நேரமே தரப்பட்டு, மற்ற வேளைகளில் இருமுனை மட்டும் வந்தபோது, கண்டென்சர் இணைத்து மும்முனை மோட்டாரை ஓட்டும் உத்தியும் பரவி, முனைகளுக்கிடையே இருந்த சமநிலையை மேலும் குலைத்தது.

கணினி இந்தக் கம்பியோடுதான் இணைக்கப்பட்டது. அதற்குத் தேவை தரக்கூடிய கல்வி நிறுவனங்கள் வட்டாரத்தில் எழுந்தன. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981ஆம் ஆண்டு தஞ்சையில் நிறுவப்பட்டது. 1984ஆம் ஆண்டு திருமலைசமுத்திரத்தில் சண்முகா பொறியியல் கல்லூரி தோன்றியது. அதே ஆண்டின் இறுதியில் வெளியான மத்திய அரசின் புதிய கணினிக் கொள்கை உதிரிபாக இறக்குமதியைத் தளர்த்தியது. 1990களில் சென்னை ரிச்சி தெருவிலிருந்து பாகங்களை வரவழைத்துப் பூட்டப்பட்ட அசெம்பிள்டு கணினிகள் டி.டி.பி. கூடங்களையும், பின்னர் பிரவுசிங் சென்டர்களையும் நிரப்பின. அவற்றில் எஸ்.எம்.பி.எஸ். தனியாகத் தேர்ந்தெடுக்கப்படவில்லை, கேபினட் எனப்படும் கூட்டுக்குள்ளேயே வைத்து விற்கப்பட்டதால், வாங்குபவர் கூட்டின் முகப்பழகைப் பார்த்தாரேயன்றி, பின்பக்கத்துப் பெட்டியைப் பற்றிக் கேட்டதில்லை.

அப்பெட்டியோ வேறொரு நாட்டின் மின்சாரத்தை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டது. 1977ஆம் ஆண்டின் ஆப்பிள் 2 கணினி, கனத்த டிரான்ஸ்பார்மரைக் கைவிட்டு, மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்துச் சேர்க்கும் ஸ்விட்ச்சிங் முறையை ஏற்றது. 1981ஆம் ஆண்டின் ஐ.பி.எம். பி.சி. அம்முறையிலேயே 63.5 வாட் தரும் பெட்டியுடன் வந்தது. அமெரிக்க வீடுகளின் 115 வோல்ட்டுக்கும் பிற நாடுகளின் 230 வோல்ட்டுக்கும் ஒரே பெட்டி பயன்பட வேண்டும் என்பதற்காகப் பின்னர் வந்த பெட்டிகளின் பின்புறத்தில் ஒரு சிறு சிவப்பு ஸ்விட்ச் வைக்கப்பட்டது. அதை 115இல் வைத்தால், உள்ளேயிருக்கும் இரண்டு பெரிய கெப்பாசிட்டர்கள் வரும் மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கும். அந்நிலையில் 230 வோல்ட் பாய்ந்தால், 200 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டர் ஒவ்வொன்றின் மீதும் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறி, பட்டாசுச் சத்தத்துடன் வெடிக்கும். ஸ்விட்ச் 230இல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஒயரைச் செருகுவது மெக்கானிக்குகளின் முதல் பாடமாயிற்று.

பொருத்தம் பற்றிய இன்னொரு பாடம் பழைய ஏ.டி. வகைப் பெட்டியின் இரண்டு ஆறு-கம்பிப் பிளக்குகளைச் சார்ந்தது. இரண்டின் கறுப்புக் கம்பிகளும் நடுவில் அருகருகே அமைய வேண்டும். இடம் மாறினால் மதர்போர்டு பாழாகும். 1995ஆம் ஆண்டு இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அமைப்பின் ஒற்றை 20-முனைப் பிளக் அக்கவலையைப் போக்கியது; பென்டியம் 4 வந்ததும் 12 வோல்ட்டுக்கெனத் தனி நான்கு-முனைப் பிளக் சேர்ந்தது.

ஆனால் டெல்டாவில் பெட்டியின் மதிப்பை உண்மையில் சோதித்தது நெல் அரவை ஆலையின் மோட்டார். மோட்டார் கிளம்பும் கணத்தில் வழக்கமான அளவைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுப்பதால் தெருவின் வோல்டேஜ் சட்டென்று விழும். நல்ல பெட்டியின் கெப்பாசிட்டர், வெளிமின்சாரம் அறவே நின்றாலும் சுமார் 16 மில்லிநொடி வரை, அதாவது மின்சாரத்தின் ஒரு முழுச் சுற்றுக்குச் சற்றுக் குறைவான நேரம், கணினியைத் தாங்கும். செலவைக் குறைக்கச் சிறிய கெப்பாசிட்டர் வைத்த பெட்டி அதற்குள் தளர்ந்து, கணினி தானே மறுபடி ஆரம்பிக்கும். பல நேரங்களில் இது வைரஸ் என்று கருதப்பட்டு, குற்றமற்ற விண்டோஸ் மறுபடி மறுபடி பதியப்பட்டது. மேலும், வோல்டேஜ் குறைந்தால் விளக்கு மங்கும், எஸ்.எம்.பி.எஸ்.ஸோ அதே வாட்டைத் தருவதற்காகக் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும். ஆகவே கோடை நாற்றங்காலின்போது அதன் ஆயுள் கரைந்தது.

இதனால் லேபிளில் அச்சிட்ட 450 வாட் என்ற எண்ணுக்கு அனுபவமுள்ள மெக்கானிக் மதிப்புத் தரவில்லை. அவர் லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரேயுள்ள ஆம்பியரைப் பார்த்துப் பெருக்கினார். 16 ஆம்பியர் என்றிருந்தால் புதிய கணினிக்குப் பெருமளவு பயன்படுவது 192 வாட்தான் என்று கணக்கிட்டார். பெட்டியைக் கையில் தூக்கியும் பார்த்தார். செம்புக் கம்பிச் சுருளும் வெப்பம் கடத்தும் அலுமினியத் தகடும் எடை கூட்டுபவை. காற்றுத் துளை வழியே எட்டிப் பார்த்தால், மலிவான பெட்டியில் மின்னிரைச்சலை வடிகட்டும் சுருள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பித் துண்டு பற்றவைக்கப்பட்டிருப்பது தெரியும். எர்த் இல்லாத பழைய ஓட்டு வீடுகளில் கேபினட்டின் திருகைத் தொட்டால் சுருக்கென்று தாக்கியதற்குப் பெட்டியின் குறை எப்போதும் காரணமன்று. வடிகட்டி கெப்பாசிட்டர்கள் கூட்டின் மீது கசியவிடும் மின்சாரம் இறங்க வழியில்லாததே காரணம்.

2008ஆம் ஆண்டுக்குப் பின் தமிழகத்தில் மின்வெட்டு நீண்டபோது யூ.பி.எஸ். கட்டாயமாயிற்று. 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்கும் ஆக்டிவ் பி.எப்.சி. வகைப் பெட்டி, லோ வோல்டேஜ் ஊருக்கு இருமடங்கு விலை கொடுத்தும் வாங்கத் தக்கது. ஆனால் மலிவான யூ.பி.எஸ்.ஸின் சதுர அலை மின்சாரத்தில் அவ்வகைப் பெட்டிகள் சில அணைந்துவிடும் என்பதால், இரண்டையும் சேர்த்துச் சோதித்து வாங்குவதே முறையாயிற்று.

2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. இத்தகைய சேதத்தில், மும்முனை இணைப்பின் நியூட்ரல் கம்பி மட்டும் அறுந்தால், ஒருமுனை வீடுகளில் 400 வோல்ட்டை ஒட்டி ஏறக்கூடும். வேரிஸ்டர் என்ற சிறு வட்டு வில்லை பொருத்திய பெட்டியில், அவ்வில்லை மின்சாரத்தைத் தன் வழியே திருப்பிப் பியூஸை எரித்துவிடுவதால், வில்லையையும் பியூஸையும் மாற்றினாலே பெரும்பாலும் பெட்டி மறுபடி ஓடும். அது இல்லாத பெட்டி, போகும்போது சில சமயம் மதர்போர்டையும் இழுத்துக்கொண்டு போகும்.